தொள்ளாயிரத்து இருபத்தாறாவது மங்கு

எங்கள் ரப்பர் தோட்டத்தில் என் பேச்சை நம்பக் கூடாது என்பது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பெயரை நான் சும்மா வாங்கவில்லை, பாடுபட்டு வாங்கினேன். ஒரு மழைக்கால விடியலில் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓடி, "கிராணி சொல்லிட்டாரு, இன்னைக்குப் பெரட்டு கெடையாது" என்று கத்தினேன். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, பெரட்டு என்றால் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. பாதி லயம் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டது. கங்காணி பிரம்போடு வந்தபோது நான் மட்டும் தலை சீவி, திருநீறு பூசி, வாளியோடு முதல் ஆளாக நின்றேன்.

இன்னொன்று என் எண் வித்தை. யாரையாவது மடக்கி, "பத்துக்குள்ள ஒரு நம்பர் நெனச்சுக்க. ஒம்போதால பெருக்கு. வர்ற விடையில இருக்கிற எண்ணெழுத்தையெல்லாம் கூட்டு. ஒம்போதுதானே?" என்பேன். யார் எதை நினைத்தாலும் ஒன்பதுதான் வரும். சிலர் பயந்தே போனார்கள். என் அக்காவைக் கட்டியவர், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், மட்டும் விடவில்லை. ஒன்றிலிருந்து பத்து வரை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, அத்தனைக்கும் ஒன்பதே வந்த பிறகு, "இதுல என்னமோ சூது இருக்கு மாப்ள. நாளைக்கு வேற நம்பர் யோசிச்சுட்டு வர்றேன்" என்றார். பத்துக்குள் வேறு நம்பர் எங்கே இருக்கிறது? ஆனாலும் அந்த மனிதர் தேடினார். பால் வெட்டிக்கொண்டே தேடினார்.

என் படிப்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. வகுத்தல் கணக்கு முடிந்து பின்னம் தொடங்க வேண்டிய வாரத்தில் வாத்தியாருக்குக் காய்ச்சல் கண்டது. அவரைச் சதுப்புக்குப் பின்னால் புதைத்தோம். பள்ளிக்கூடக் கொட்டகையில் மண்வெட்டிகளை அடுக்கினார்கள். அதனால் இன்றுவரை ஒரு கணக்கை வகுத்துக்கொண்டே போய்க் கடைசியில் மிச்சம் நின்றால், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது.

தோட்டம் மலாயாவில், கோத்தா திங்கிக்குக் கீழே, ஜொகூர் ஆற்றங்கரையில் இருக்கிறது. நான் சொல்லப்போகிற வருஷம் மழையோடு காய்ச்சலும் வந்தது. முதலில் பிள்ளைகளைப் பிடித்தது. காய்ச்சல் மருந்தான கொய்னா தீர்ந்தது, மறுபடி கொய்னா வருவதற்குள் சதுப்புக்குப் பின்னால் சின்னச் சின்னக் குழிகளாக நாலைந்து வெட்டியாகிவிட்டது. மச்சானின் மகளும் படுத்தாள். மூன்று வயதுப் பிள்ளை, வாய் உலர்ந்து கூரையையே பார்த்துக் கிடந்தது.

அப்போதுதான் பூசாரி எல்லாரையும் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டினார். கோயில் என்றால் நாலு கால், ஒரு தகரக் கூரை. பூசாரி என்றால் பகலெல்லாம் புல் வெட்டிவிட்டுச் சாயந்திரம் குளித்துத் திருநீறு பூசுகிறவர். அவருடைய கடைசிப் பிள்ளையும் அந்தக் குழிகளில் ஒன்றில்தான் இருந்தது.

"ஆத்தா பேரை லட்சத்தெட்டுத் தடவ சொல்றதா நேர்ந்துக்குவோம்" என்றார். "வீட்டுக்கு ஒருத்தரா பன்னெண்டு பேரு காப்புக் கட்டணும். ஒரு பலகை, ஒரு மங்கு. ஒருத்தர் மாத்தி ஒருத்தர்தான் உக்காந்து சொல்லணும். வெளக்கு வெச்சா அன்னைக்கு எண்ணிக்கை நின்னுரும்."

மங்கு என்பது மரத்தில் கட்டிப் பால் பிடிக்கிற கிண்ணம். அதில் நூற்றெட்டு ரப்பர் விதையைப் போட்டுவைத்தார்கள். "மாரித்தாயே" என்று ஒருமுறை சொன்னால் ஒரு விதையை எடுத்துக் கீழே வைக்க வேண்டும். மங்கு காலியானால் கோயில் தூணில் பால் வெட்டும் கத்தியால் ஒரு கீறல். வாயால் எண்ணாமல் விதையால் எண்ணியதற்குக் காரணம் நான்தான். யாராவது எண்ணிக்கொண்டிருந்தால் பக்கத்தில் போய் நின்று, "நாப்பத்தொண்ணு, பதினேழு, அறுவது" என்று முணுமுணுக்கிற பழக்கம் எனக்கு உண்டு.

"மங்குக்கு நூத்தெட்டு. அப்படி ஆயிரத்தெட்டு மங்கு. ஆக லட்சத்தெட்டு" என்றார் பூசாரி. "பன்னெண்டு பேருக்கும் ஆளுக்கு எம்பத்து நாலு மங்கு. மிச்சமே இல்லாம விழுது பாத்தீங்களா? ஆத்தாளே பங்கு போட்ட மாதிரி."

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, எனக்குக் காப்புக் கிடைக்காத கோபத்தில் இருந்தேன். கையை நீட்டியபோது பூசாரி, "நீ வேணாம்பா. ஆத்தா பேரைச் சொல்றப்பவே கண்ணடிப்ப" என்றுவிட்டார். எங்கள் வீட்டுக்காக மச்சான் கட்டிக்கொண்டார்.

காப்புக்கு ஒரு விதி உண்டு. எண்ணி முடிகிற வரை, கட்டியவர்கள் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. இந்தப் பக்கம் ஆறு, மற்ற பக்கங்களில் காட்டு வாய்க்கால். ஒருவர் தாண்டினாலும் பன்னிரண்டு பேர் எண்ணியதும் வீண். யாருக்காக நேர்ந்துகொண்டார்களோ அவர்களிடம் நோய் திரும்பி வரும்.

மச்சான் கட்டிக்கொண்ட மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, மகள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளையின் உயிர் தன் மணிக்கட்டில் கட்டியிருப்பதாகவே அவர் நினைத்துக்கொண்டார். குளிக்கும்போதுகூட அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளிப்பார். "மச்சான், ஆத்தா ஒங்களை மட்டும் தூக்குல போட்டுட்டாளா?" என்று கேட்டேன். ஈரக் கையால் முதுகில் ஒன்று வைத்தார்.

பிறகு அவருக்கே காய்ச்சல் வந்தது. நடுக்கத்தோடு பால் வெட்டப் போனார். நடுக்கத்தோடு பலகையில் உட்கார்ந்தார். ஒரு சாயந்திரம் கடைசி ஐந்து மங்கும் அவர் பங்கு. மங்குக்குள் விதைகள் கடகடவென்று ஆடும் சத்தம் லயம் வரை கேட்டது. ஐந்தாவது முடிந்து பூசாரி கீறல் போட்டதும் விளக்கு வைத்தார்கள். நாங்கள் இரண்டு பக்கமும் பிடித்து அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனோம்.

மறுநாள் காலை அவருடைய மூத்திரம் காப்பித் தண்ணீர் நிறத்தில் போனது. லயத்தில் அந்த நிறத்தைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அக்கா என்னைக் கிராணியிடம் ஓடச் சொன்னாள். கிராணி நிறத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கு இங்க மருந்து இல்ல. கோத்தா திங்கி சர்க்கார் ஆஸ்பத்திரிதான். இன்னைக்குப் படகு இருக்கு, ஏத்திவிடு. இத விட்டா அடுத்த வாரந்தான்" என்றார்.

படகு அப்போதே துறையில் நின்றது. அரிசியும் கருவாடும் இறக்கிவிட்டு ரப்பர் ஷீட்டு ஏற்றிக்கொண்டு, கடல் ஏற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் மேலேறும்போது அதோடு சேர்ந்து மேலே போகும். நான் வீட்டுக்கு ஓடி, "மச்சான், கெளம்புங்க" என்றேன். அவர் காப்புக் கையை மார்போடு வைத்துக்கொண்டு தலையாட்டினார். வரமாட்டாராம். எண்ணி முடியவில்லையாம்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று பூசாரியிடம் போய்க் கேட்டேன்.

"நேத்தோட தொள்ளாயிரத்து முப்பது. இன்னும் எழுபத்தெட்டு. மூணு சாயந்திரம் ஆவும்."

அந்த மூன்று சாயந்திரத்தை எப்படிச் சுருக்குவது என்று பார்க்கத்தான் ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைக்கூட்டுச் சுவரில் கரியால் கணக்குப் போட்டேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை. இதுவரை எத்தனை பெயர் சொல்லியாகிவிட்டது என்று தெரிந்தால் எத்தனை மிச்சம் என்று தெரியும். தொள்ளாயிரத்து முப்பதை நூற்றெட்டால் பெருக்கினேன். ஒரு லட்சத்து நானூற்று நாற்பது வந்தது.

தப்பாகப் போட்டுவிட்டேன் என்று அழித்தேன். மறுபடி போட்டேன். அதே விடை. லட்சத்தெட்டைத் தாண்டி நிற்கிறது. அப்புறம் பூசாரியின் ஆயிரத்தெட்டு மங்கைப் பெருக்கினேன். ஒரு லட்சத்து எட்டாயிரத்து எண்ணூற்று அறுபத்து நாலு. நூறையும் ஆயிரத்தையும் பெருக்கினால் லட்சம். ஆனால் ஒரு எட்டு ஆயிரத்தையும் பெருக்கும், இன்னொரு எட்டு நூறையும் பெருக்கும் என்பதை அவர் விட்டுவிட்டார். தோட்டமே விட்டுவிட்டது.

அப்படியானால் உண்மையில் எத்தனை மங்கு? லட்சத்தெட்டை நூற்றெட்டால் வகுத்தேன். வழக்கம்போலக் கடைசியில் மிச்சம் ஒன்று நின்று என்னைப் பார்த்துப் பல்லிளிக்கும் என்று நினைத்தேன். தொள்ளாயிரத்து இருபத்தாறு. மிச்சம் பூஜ்யம்.

எனக்கே நம்பிக்கை வரவில்லை. சின்ன எண்களை வைத்துச் சோதித்தேன். ஆயிரத்தெட்டை நூற்றெட்டால் வகுத்தால் முப்பத்தாறு மிச்சம். பத்தாயிரத்தெட்டை வகுத்தால் எழுபத்திரண்டு மிச்சம். முப்பத்தாறு, அதன் இரட்டிப்பு. இன்னொரு முப்பத்தாறு சேர்ந்தால் நூற்றெட்டு, அதாவது ஒரு முழு மங்கு. அதனால்தான் மூன்றாவதாக வருகிற லட்சத்தெட்டில் மிச்சமே இல்லை. பத்து லட்சத்தெட்டைப் போட்டேன். திரும்பவும் முப்பத்தாறு நின்றது. எட்டில் முடிகிற அந்த வரிசையில் நான் பார்த்த நாலில், லட்சத்தெட்டு ஒன்றுதான் விதை சிதறாமல் மங்குக்குள் அடங்கியது. ஆற்றங்கரையில் படகுக்காரன் மூட்டையை எண்ணிக் கத்திக்கொண்டிருந்தான். நான் ஒரு நிமிஷம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு அழகாக இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. முந்தின சாயந்திரம் கடைசி ஐந்து மங்கில் முதலாவது தொள்ளாயிரத்து இருபத்தாறு. லட்சத்தெட்டை முடித்துவைத்தவரே மச்சான்தான். அதற்கு மேல் அவர் நடுங்கி நடுங்கிச் சொன்ன நாலு மங்கும் வெறும் வாய்.

கிராணியிடம் ஓடினேன். அவர் மலையாளத்துக்காரர், கிறிஸ்து வேதக்காரர். பென்சிலால் ஒருமுறை போட்டுப் பார்த்து, "கணக்கு சரிதான்" என்றார்.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா."

"நான் வந்து ஒங்க கோயில் கணக்குல கைய வெச்சா, நாளைக்கு ஒரு புள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் என் தலையில விழும். நீயே போய்ச் சொல்லு."

நானே போய்ச் சொன்னேன். பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு ஆட்கள் திரும்புகிற நேரம். காப்புக் கட்டியவர்கள் பலர் கோயில் பக்கம் இருந்தார்கள். "நேத்தே முடிஞ்சுபோச்சு! தொள்ளாயிரத்து இருபத்தாறோட லட்சத்தெட்டு தீந்துருச்சு!" என்று கத்தினேன். முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும்.

"இன்னைக்கு என்ன நம்பர் நெனைக்கணும்?" என்றாள் ஒருத்தி.

"சத்தியமா. கிராணியே போட்டுப் பாத்துச் சரின்னாரு."

"பெரட்டு இல்லன்னும் கிராணிதான் சொன்னாரு" என்றார் கங்காணி. அவரும் பன்னிரண்டு பேரில் ஒருவர். "அப்படியே சொன்னாலும், கிராணி லட்சத்தை எழுதினா நடுவுல வெக்கிற கமாவையே வேற எடத்துல வெப்பாரு. அவரு லட்சம் வேற, நம்ம லட்சம் வேற."

கரியை எடுத்துக் கோயில் பலகையிலேயே போட்டுக் காட்டினேன். பூசாரி குனிந்து பார்த்தார். அவருக்கு எண்கள் தெரியும், இவ்வளவு நீளமாகத் தெரியாது. நெடுநேரம் பார்த்துவிட்டு, "சரி, ஒன் கணக்குப்படி பன்னெண்டு பேருக்கு ஆளுக்கு எத்தன மங்கு?" என்று கேட்டார்.

வகுத்தேன். "எழுபத்தேழு."

"மிச்சம்?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. "ரெண்டு."

"ஆயிரத்தெட்டுல மிச்சமில்ல. ஒன் கணக்குல ரெண்டு மங்கு அநாதையா நிக்குது. ஆத்தா கணக்குல அநாதை நிக்குமாப்பா?"

"பன்னெண்டு பேருன்னு நீங்கதானே வெச்சீங்க, ஆத்தாளா வெச்சா?"

சத்தம் எழுந்தது. பூசாரி கையைக் காட்டி அடக்கினார். அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "தம்பி, கூடச் சொன்னா ஆத்தா ஒண்ணும் கேக்க மாட்டா. கொறச்சுச் சொல்லி எந்திரிச்சா? நான் ஒண்ணைக் குடுத்துட்டேன். இவங்க வீட்டுல இன்னும் புள்ளைங்க இருக்கு" என்றார்.

கரியைப் பலகையிலேயே வைத்துவிட்டேன்.

துறையிலிருந்து படகுக்காரன், "சப்பாட் லா, சீக்கிரம்! தண்ணி திரும்பிடும்!" என்று கூப்பிட்டான். நான் வீட்டுக்குள் போனேன். அக்கா மச்சானின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். கண்கள் மஞ்சளாகியிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னேன். நூற்றெட்டு, தொள்ளாயிரத்து இருபத்தாறு, முப்பத்தாறு, எழுபத்திரண்டு. அவர் கவனமாகக் கேட்டார். அவர் எப்போதுமே கவனமாகத்தான் கேட்பார்.

"நீங்கதான் மச்சான் முடிச்சீங்க. நேத்து. ஒங்க கையாலதான்."

"சரியாத்தான் இருக்கும் மாப்ள."

"அப்ப எந்திரிங்க."

"வேற யாராச்சும் வந்து சொல்லியிருந்தா போயிருப்பேன்." அவர் சிரிக்க முயன்றார். "நீயில்ல சொல்ற."

"அக்கா, நீ சொல்லு."

அக்கா என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிள்ளை வாசலில் உட்கார்ந்து ஒரு ரப்பர் விதையை உருட்டிக்கொண்டிருந்தது. "நெசமாத்தான் சொல்றியாடா?" என்றாள். "ஆமாக்கா" என்றேன். என் முகத்தையே தேடினாள். அதில் எத்தனையோ தடவை ஏமாந்தவள். அவள் பதில் சொல்வதற்குள் துறையில் கயிறு அவிழ்க்கும் சத்தமும் துடுப்புச் சத்தமும் கேட்டன.

மூன்று சாயந்திரமும் எண்ணினார்கள். மச்சானின் பங்கை அக்கா உட்கார்ந்து சொன்னாள். அவரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்தில் சாய்த்து, காப்புக் கை பலகையில் படும்படி வைத்தார்கள். அவசரப்படுத்தலாம் என்று நான் விதை பொறுக்க உட்கார்ந்தேன். "நீ தொடாத" என்று எழுப்பிவிட்டார்கள். தூணில் இரண்டு கீறல் சேர்த்துப் போட்டுவிடலாமா என்று நினைத்ததும் உண்டு. அதை எதிர்பார்த்தோ என்னவோ, கங்காணி தூணில் முதுகைச் சாய்த்தே உட்கார்ந்திருந்தார். ஆகவே தகரக் கூரைக்கு வெளியே நின்று, முடிந்துபோன ஒன்று மறுபடி மறுபடி முடியாமல் போய்க்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு "மாரித்தாயே"க்கும் ஒரு விதை விழுந்தது.

ஆயிரத்தெட்டாவது கீறல் விழுந்ததும் பூசாரி முதலில் மச்சானின் காப்பைத்தான் அவிழ்த்தார். அடுத்த படகுக்கு இன்னும் நாள் இருந்தது. விடிந்ததும் மச்சானைக் கம்பளியில் கிடத்தி, அதை மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு, ஆற்றோரக் காட்டுப்பாதையில் கோத்தா திங்கிக்கு நடந்தோம். கங்காணி ஆட்களைக் கொடுத்தார், தானும் வந்தார். மூங்கிலின் பின்முனை என் தோளில். கம்பளிக்குள் அவர் முனகுவது நின்று நின்று கேட்டது. சத்தமே இல்லாமல் போனால் எனக்குப் பயமாக இருந்தது.

"மச்சான், அந்த வேற நம்பர் கெடச்சுச்சா?"

அடுத்த முனகலோடு, "கெடச்சுது" என்றார்.

"பத்துக்குள்ளதானே?"

"ம்."

"ஒம்போதால பெருக்குங்க."

முன்னால் போனவர் திரும்பி என்னை முறைத்தார். நான் காத்திருந்தேன். ஒரு வாய்க்காலைத் தாண்டினோம்.

"பெருக்கிட்டேன்."

"எழுத்தைக் கூட்டுங்க."

அவர் கூட்டல் கணக்கில் மெதுவானவர். விரல் விட்டுத்தான் கூட்டுவார். அதனால் நான் அவசரப்படுத்தவில்லை. தோள் மாற்றுவதற்காகக் கம்பளியை இறக்கியபோதுதான் பார்த்தோம். உயிர் போயிருந்த கையில் இரண்டு விரல் நீட்டியிருந்தது, மற்றவை மடங்கியிருந்தன. அந்த மணிக்கட்டில் காப்பு இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

திரும்பத் தூக்கி வந்து சதுப்புக்குப் பின்னால் புதைத்தோம். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. சோறு போடுவாள், துணி துவைத்துப் போடுவாள். ஆனால் நான் எதையாவது சொன்னால் பதில் சொல்வதற்கு முன் ஒருமுறை என் முகத்தைப் பார்ப்பாள்.

அடுத்த மழைக்கும் காய்ச்சல் வந்தது. பூசாரி மறுபடி எல்லாரையும் கூட்டினார். மங்கில் நூற்றெட்டு விதை போட்டு மூன்று தடவை சரி பார்த்தார். பிறகு, எப்போதும் அப்படித்தான் என்பதுபோல, "தொள்ளாயிரத்து இருபத்தாறு மங்கு" என்றார்.

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. கங்காணி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே, "பங்கு?" என்று கேட்டார்.

"ஆளுக்கு எழுபத்தேழு."

"அது போக?"

"ரெண்டு நிக்கும்."

பன்னிரண்டு பேருக்கும் கட்டி முடித்துவிட்டு, பூசாரி தட்டில் மீதியிருந்த ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்தார். என் முன்னால் வந்து நின்றார். "அந்த ரெண்டையும் நீ சொல்லுப்பா" என்றார்.

நான் ஏதாவது கிண்டலாகச் சொல்வேன் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். எனக்கும் ஏதோ ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கையை நீட்டினேன். கயிறு ஈரமாக, சில்லென்று இருந்தது. அவர் முடிச்சுப் போடும்போது, பின்னால் அக்கா, அது முடியும்வரை நிற்காமல், மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சரளைக்கல் மிதிபட லயத்துக்குத் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.